ஃபர்னிச்சர் கடையை மூடும்போது நட்டமில்லாமல் விற்று முடிப்பது எப்படி

கடையை மூடிவிடலாம் என்று முடிவெடுத்த மறுநாளே வாசலில் 'எல்லாம் பாதி விலை' என்று பதாகை கட்டிவிடும் உரிமையாளர்கள் பலர் இருக்கிறார்கள். பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த முதல் அந்த ஒரு பதாகையில் கரையத் தொடங்குகிறது. பருவகாலத் தள்ளுபடியில் விற்காமல் நின்ற கட்டில் அடுத்த மாதமும் கடையில் இருக்கும்; வேறு ஒருவர் வந்து வாங்குவார். கடை மூடும் விற்பனையின் கடைசி நாளில் விற்காமல் நிற்கும் கட்டிலையோ, வண்டிக்கூலியும் ஆள்கூலியும் கொடுத்து நாமே அகற்ற வேண்டியிருக்கும். ஆகவே, எந்தச் சாமானை எந்த வாரத்தில் எவ்வளவு குறைந்த தள்ளுபடிக்கு விற்பது, மொத்த விற்பனையையும் எத்தனை நாளுக்குள் முடிப்பது என்ற இரண்டு கேள்விகளே இந்த விற்பனையின் லாபத்தைத் தீர்மானிக்கின்றன. இரண்டுக்கும் விடை, முதல் வாடிக்கையாளர் உள்ளே வருவதற்கு முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலோர் இப்படி ஒரு விற்பனையை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நடத்துகிறார்கள் என்பதால், கீழே சொல்லப்படும் வேலைகளை வரிசை மாற்றாமல் செய்வது நல்லது.

முதல் வேலை: கையால் எண்ணுவது

கணினியில் உள்ள இருப்புப் பட்டியலை நம்பி விற்பனையைத் திட்டமிடக் கூடாது. மற்றக் கடைகளைவிட ஃபர்னிச்சர் கடையில் பட்டியலுக்கும் உண்மைக்கும் இடைவெளி அதிகம். கட்டிலின் தலைப்பலகை கடையில் இருக்கும். பக்கச் சட்டங்கள் கிடங்கின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். ஆறு நாற்காலிகள் என்று எழுதியிருக்கும் இடத்தில் ஐந்துதான் நிற்கும். பிரிக்காத பெட்டியில் வந்த அலமாரியின் திருகாணிப் பொட்டலத்தை, என்றோ ஒரு நாள் வேறொரு வாடிக்கையாளரின் அவசரத்துக்காக யாரோ எடுத்துக் கொடுத்திருப்பார்கள். இவையெல்லாம் விற்பனை தொடங்கிய பின் தெரியவந்தால், பணம் வாங்கிய சாமானைக் கொடுக்க முடியாமல் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். எண்ணும்போதே தெரியவந்தால் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம்.

கடை பூட்டிய பிறகு, நம்பிக்கையான ஓரிருவரை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாகப் பாருங்கள். அடக்க விலை, கடைக்கு வந்த தேதி, இப்போதைய விலைச்சீட்டு, முழுமையாக இருக்கிறதா, சேதம் உண்டா ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடக்க விலையில் சரக்கு வந்து சேர்ந்த வண்டிச் செலவையும் சேர்க்க வேண்டும். ஃபர்னிச்சர் இடத்தை அடைக்கும் சரக்கு என்பதால் அந்தச் செலவு சிறிய தொகையாக இருக்காது. பிறகு உங்களுக்குச் சொந்தமில்லாதவற்றைத் தனியே பிரியுங்கள். விற்றால் மட்டும் பணம் தருவதாகச் சொல்லி உற்பத்தியாளரிடம் வாங்கி வைத்தவை, வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டு இன்னும் எடுத்துச் செல்லாதவை, பழுது பார்க்க வந்தவை ஆகிய எதுவும் உங்கள் கையிருப்பில் சேராது.

அடுத்து, கடை திறந்திருக்கும் ஒவ்வொரு வாரமும் எவ்வளவு செலவாகிறது என்பதைக் கணக்கிடுங்கள். வாடகை, சம்பளம், மின்சாரம், காப்பீடு, விளம்பரம், டெலிவரி, வட்டி, அட்டைப் பரிவர்த்தனைக் கட்டணம் என அனைத்தும் அதில் அடங்க வேண்டும். இந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் கடை மூடும் விற்பனையில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மொத்தச் சரக்கின் அடக்க விலை 100 என்றும், விலைச்சீட்டுகளின் கூட்டுத்தொகை 200 என்றும், வாரச் செலவு 2 என்றும் வைத்துக்கொள்வோம். சரக்கில் கால் பங்கை 20 சதவீதத் தள்ளுபடியிலும், 35 சதவீதத்தை 35 சதவீதத் தள்ளுபடியிலும், அடுத்த கால் பங்கைப் பாதி விலைக்கும், மிஞ்சிய 15 சதவீதத்தை 70 சதவீதத் தள்ளுபடியிலும் விற்றால், முறையே 40, 45.5, 25, 9 என மொத்தம் 119.5 வரும். இது 8 வாரத்தில் முடிந்தால் செலவு 16 போக 103.5 நிற்கும், அதாவது போட்ட முதல் திரும்பி, சிறிது மிச்சமும் இருக்கும். இதே விற்பனையை 14 வாரம் இழுத்தால் செலவு 28 ஆகி, கையில் 91.5 மட்டுமே மிஞ்சும். முதல் நாளே பாதி விலை என்று அறிவித்தவருடைய கணக்கோ வேறு விதமானது. அவர் இரண்டே வாரத்தில் 60 சதவீதச் சரக்கை விற்றுவிடுவார். அதில் 60 வரும். நல்ல சாமான்கள் போய்விட்ட கடையில் மீதி 40 சதவீதத்தை 65 சதவீதத் தள்ளுபடிக்குத் தள்ளினால் 28 வரும். ஐந்து வாரச் செலவு 10 போக அவர் கையில் 78 நிற்கும். கூட்டம் அலைமோதியது என்று அவர் சொல்வது உண்மைதான். போட்ட முதலில் ஐந்தில் ஒரு பங்கைவிட அதிகம் போய்விட்டது என்பதும் உண்மை.

உங்கள் கடையின் எண்களை வைத்து இதே கணக்கை மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள். நன்றாக விற்றால், சுமாராக விற்றால், மோசமாக விற்றால் என்ற மூன்று நிலைகளிலும் கடன்களை அடைக்க முடியுமா என்பதற்கு இந்தத் தாளே விடை சொல்லும். மோசமான நிலையில் கடனை அடைக்க முடியாது என்று தெரிந்தால், விற்பனையைத் தொடங்குவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். சில கடன்காரர்களுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுச் சிலரை விட்டுவிடுவது பல நாடுகளின் சட்டப்படி பின்னாளில் சிக்கலாகும்.

யாரிடம் எப்போது சொல்வது

செய்தி கசியும் வரிசை தவறினால் விற்பனையே தடம்புரண்டுவிடும். முதலில் கணக்காளரும் வழக்கறிஞரும் தெரிந்துகொள்ள வேண்டும். சரக்கின் மேல் வங்கிக்கடன் இருந்தால், வங்கியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் மொத்தச் சரக்கையும் விற்றுத் தீர்ப்பது கடன் ஒப்பந்தத்தை மீறுவதாக ஆகலாம் என்பதால், அடுத்த சந்திப்பு வங்கியோடு இருக்கட்டும். பிறகு கட்டட உரிமையாளர். வாசலில் பெரிய பதாகைகள் கட்டுவதற்கும் கடை மூடும் விற்பனை நடத்துவதற்கும் வாடகை ஒப்பந்தமே தடை விதித்திருப்பது உண்டு. அந்தப் பக்கங்களை ஒருமுறை முழுமையாகப் படித்துவிட்டுச் சென்று பேசுங்கள்.

ஊழியர்களுக்குப் பொதுமக்களுக்கு முன்பாகவும், உங்கள் வாயாலும் தெரிய வேண்டும். கடை மூடப்படுவதை விளம்பரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட விற்பனையாளரிடமிருந்து அடுத்த எட்டு வாரத்துக்கு உழைப்பை எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஊழியர்கள் இருந்தால் முன்னறிவிப்புக் காலம் சட்டப்படியே கட்டாயமாக இருக்கலாம். சொல்லும்போதே, கடைசி நாள் வரை இருப்பவர்களுக்கு எவ்வளவு கூடுதல் தொகை, அது எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகத் தரும் உறுதிமொழி, வேறு வேலை கிடைத்த நாளில் யாரையும் நிறுத்தி வைக்காது. அனுபவமுள்ள விற்பனையாளர் ஒருவர் ஐந்தாவது வாரத்தில் போய்விட்டால் ஏற்படும் இழப்பு, அவருக்குத் தரும் அந்தத் தொகையைவிட நிச்சயமாகப் பெரியதாக இருக்கும்.

முன்பணம் கொடுத்துச் சாமானுக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடை மூடுகிறது என்ற செய்தியைக் கேட்டதும் முதலில் பதறுகிறவர்கள் அவர்கள்தான். அறிவிப்புக்கு முன்பே ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, அவர்களுடைய சாமான் எந்தத் தேதியில் வரும் என்பதையோ, பணம் எந்தத் தேதியில் திரும்பும் என்பதையோ திட்டவட்டமாகச் சொல்லுங்கள். பரிசு அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இந்தப் பணம் உங்களுடையது அல்ல. அதை விற்பனைச் செலவுக்கு எடுத்துப் பயன்படுத்திவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இந்தத் தொழிலில் செய்யக்கூடிய மிக மோசமான தவறு என்பது என் உறுதியான கருத்து.

சப்ளையர்களுக்கு அறிவிப்பு நாளன்றோ, அதற்கு ஓரிரு நாட்கள் முன்போ சொன்னால் போதும். வர வேண்டிய சரக்கு, மாற்றித் தர வேண்டிய பழுதான பாகங்கள், தர வேண்டிய கழிவுத் தொகை ஆகிய அனைத்தையும் அதற்குள் வாங்கி முடித்துவிடுங்கள்.

சட்டமும் சொல் சுத்தமும்

'கடையை மூடுகிறோம்' என்பது வாடிக்கையாளரை உடனே வாங்கத் தூண்டும் வலுவான சொல் என்பதால், பல நாடுகள் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகின்றன. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் நகரங்களிலும் அப்படி விளம்பரம் செய்வதற்கே உரிமம் பெற வேண்டும். விண்ணப்பத்தோடு சரக்குப் பட்டியலை இணைக்கச் சொல்வதும், விற்பனைக்குக் காலவரம்பு விதிப்பதும், பட்டியலில் இல்லாத சரக்கை இடையில் கொண்டுவந்து சேர்ப்பதைத் தடை செய்வதும் அங்கே வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தள்ளுபடியை அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும் என்ற விதி 2022 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் ஊரில் உள்ள விதியை உள்ளாட்சி அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், விலையை முதல் நாள் ஏற்றிவிட்டு மறுநாள் குறைத்ததாகக் காட்டக் கூடாது. ஃபர்னிச்சர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பல கடைகள் ஏறி இறங்கிய பிறகே வாங்குகிறார்கள். ஒரு மாதத்துக்கு முன் உங்கள் கடையில் அதே சோபாவை விலை கேட்டுவிட்டுப் போனவர் இந்த விற்பனைக்கும் வருவார். அவர் வெளியே போய்ச் சொல்லும் ஒரு சொல் எல்லாப் பதாகைகளையும் பொய்யாக்கிவிடும்.

நாள் குறிப்பது

பெரும்பாலான கடைகளுக்கு எட்டிலிருந்து பத்து வாரம் போதும். கிடங்கு நிறையச் சரக்கு இருந்தால் பன்னிரண்டு வாரம் ஆகலாம். அதற்கு மேல் போனால் 'இவர்கள் எப்போதும் மூடிக்கொண்டேதான் இருப்பார்கள்' என்று மக்கள் நினைக்கத் தொடங்குவார்கள். வாடகை ஒப்பந்தம் முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடையைக் காலி செய்து, சுத்தம் செய்து, சாவி ஒப்படைக்க இரண்டு வாரத்தை ஒதுக்கிவிட்டு அதற்கு முந்தைய நாளைக் கடைசி விற்பனை நாளாக வையுங்கள். தொடக்க நாள் சம்பளம் கைக்கு வரும் காலத்தை ஒட்டி அமைந்தால் நல்லது. நீண்ட விடுமுறைகளில் மக்கள் வெளியூர் போய்விடுவார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சரக்கை ரகம் பிரிப்பது

எல்லாவற்றுக்கும் ஒரே தள்ளுபடி என்பது எழுதுவதற்கு எளிது. ஆனால் நட்டத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. கேட்டு வந்து வாங்கப்படும் சாமானுக்கும், மூன்று ஆண்டுகளாக மூலையில் நிற்கும் சாமானுக்கும் ஒரே விகிதத்தில் விலை குறைத்தால், முதலாவது தேவையில்லாமல் மலிவாகப் போய்விடும். இரண்டாவது அப்போதும் அசையாது. அடக்க விலை 100, விலைச்சீட்டு 200 என்று இருக்கும் சாமானுக்கு 20 சதவீதம் குறைத்தால் லாபம் 100லிருந்து 60 ஆகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் விலை போடுங்கள்.

என் முறை இதுதான். வழக்கமாகவே விற்றுக்கொண்டிருக்கும் சோபா, மெத்தை, கட்டில், சாப்பாட்டு மேசை ஆகியவற்றுக்கு 15 முதல் 25 சதவீதத்துக்குள் தொடங்க வேண்டும். இவை தாமாகவே போகும். முதல் இரண்டு மூன்று வாரக் கூட்டத்துக்கு இவையே காரணமாகவும் இருக்கும். கடைக்கு வந்து ஓராண்டு கடந்தவற்றுக்குத் தொடக்கத்திலேயே 35 முதல் 40 சதவீதம் குறைத்துவிட வேண்டும். அவற்றுக்கு வாங்குபவர் குறைவு. அந்தச் சிலர் வரும் கூட்டமே முதல் வாரக் கூட்டம்தான். அப்போது விற்காமல் விட்டால் கடைசி வாரத்தில் வரும் பத்துப் பேரில் ஒருவரை நம்பியிருக்க வேண்டும். சேதமானவற்றையும் பாகம் குறைந்தவற்றையும் முதலில் சரிசெய்யப் பாருங்கள். கீறலை மெழுகுக் குச்சியாலும் நிறமேற்றும் பேனாவாலும் மறைப்பதற்கும், தளர்ந்த இணைப்பை மரப்பசை போட்டு இறுக்குவதற்கும், சோபா துணியின் அழுக்கை எடுப்பதற்கும் ஆகும் செலவு, அந்தக் குறைக்காக விட்டுக்கொடுக்க வேண்டிய விலையைவிட மிகக் குறைவாகவே இருக்கும். சரிசெய்ய முடியாதவற்றின் குறையைச் சீட்டிலேயே எழுதி, அப்படியே விற்கப்படுகிறது என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

செட்டுகளைப் பற்றி முன்கூட்டியே ஒரு விதி வேண்டும். கட்டில், இரண்டு பக்க மேசைகள், பீரோ, ஒப்பனை மேசை என்று சேர்ந்து வந்த படுக்கையறைச் செட்டில் கட்டிலை மட்டும் யாராவது கேட்பார்கள். கொடுத்துவிட்டால் துணையில்லாத ஒப்பனை மேசையைக் கடைசி வாரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டிவரும். நான்காவது வாரம் முடியும் வரை செட்டைப் பிரிப்பதில்லை என்று வைத்துக்கொண்டு, பிறகு பிரிக்கும்போது செட்டின் விலையில் கட்டிலின் பங்கைச் சற்றுக் கூட்டியும் மற்றவற்றின் பங்கை நன்றாகக் குறைத்தும் போடுங்கள். சட்டம் அனுமதித்தால், பாதியில் நிற்கும் செட்டுகளை முழுமையாக்கும் சரக்கை மட்டும் அறிவிப்புக்கு முன்பே வாங்கிக்கொள்வது லாபகரமானது. நான்கு நாற்காலிகள் சேர்ந்தால் தனியே நிற்கும் சாப்பாட்டு மேசை விலை போகும், மெத்தை இருந்தால் கட்டில் விலை போகும்.

கடையைச் சில நாள் பூட்டுவது

அறிவிப்பு வெளிவருவதற்கு முன் இரண்டு அல்லது மூன்று நாள் கடையைப் பூட்டி, கண்ணாடிகளை உள்பக்கம் தாளால் மறைத்து, திறக்கும் தேதியை மட்டும் வெளியே எழுதி வையுங்கள். விற்பனை நடக்காத அந்த நாட்கள் வீண் என்று தோன்றலாம். ஆனால் அத்தனை சாமான்களுக்கும் புதிய சீட்டுகளைப் போடவும், கிடங்கில் உள்ளதைக் கடைக்குக் கொண்டுவரவும், ஊழியர்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுக்கவும் வேறு நேரம் கிடைக்காது. மூடிய கண்ணாடி தெருவில் போகிறவர்களிடம் எழுப்பும் ஆர்வமும் சேர்ந்து பயன் தரும்.

ஒவ்வொரு சீட்டிலும் சாமானின் எண், பழைய விலை, இப்போதைய விலை ஆகிய மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். சதவீதத்தை மட்டும் எழுதிவிட்டு வாடிக்கையாளரையே கணக்குப் போட வைப்பது விற்பனையைத் தாமதப்படுத்தும். சீட்டை எளிதில் கழற்ற முடியாதபடி கட்டுங்கள். நெரிசலான நாட்களில் சீட்டு இடம் மாறும் தொல்லை எல்லாக் கடைகளிலும் உண்டு. எண்ணும் விலையும் அடங்கிய மூலப் பட்டியல் கல்லாவில் இருந்தால் அந்தத் தகராறு ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

பழைய வாடிக்கையாளர்கள் முதலில்

பொதுவிளம்பரத்துக்கு முன் இரண்டு மூன்று நாட்களை உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். கடை மூடுவதற்கான காரணத்தையும் இத்தனை ஆண்டு ஆதரவுக்கான நன்றியையும் சொல்லும் ஒரு கடிதம், உரிமையாளரின் பெயரிலும் கையெழுத்திலும் போக வேண்டும். அச்சிட்ட விளம்பரத்தாளைவிட அந்தக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். விற்பனைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், சோபா வாங்கி மேசை வாங்காதவர், மேசை வாங்கி இரண்டு நாற்காலிக்காகக் காத்திருந்தவர், விலை கேட்டுவிட்டுத் தயங்கிப் போனவர் எனப் பலர் தெரிவார்கள். அவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். இவர்களுக்கு உங்கள் சரக்கின் தரம் முன்பே தெரியும் என்பதால் மிகக் குறைந்த தள்ளுபடியிலேயே வாங்குவார்கள். நான் மேலே போட்ட கணக்கில் முதல் கால் பங்கு விற்பனை பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான் வரும்.

வாரங்கள் நகரும்போது

பொதுமக்களுக்குத் திறந்த பிறகு, தள்ளுபடியை எந்த நாளில் எவ்வளவு கூட்டுவது என்பதை நாட்காட்டி மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு நாள் இரவும் ஐந்து எண்களை எழுதுங்கள்: உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர், வாங்கியவர்கள் எத்தனை பேர், விற்பனைத் தொகை, விற்றவற்றின் அடக்க விலை, மிஞ்சியிருக்கும் சரக்கின் அடக்க விலை. வருகிறவர்கள் எண்ணிக்கை நன்றாக இருந்து, வாங்குகிறவர்கள் குறைந்தால் விலையில் சிக்கல் இருக்கிறது என்று பொருள். அந்தப் பிரிவுக்கு மட்டும் விலையைக் குறையுங்கள். வருகிறவர்களே குறைந்துவிட்டால் விலையைக் குறைப்பதில் பயனில்லை, விளம்பரத்தைப் புதுப்பிக்க வேண்டும். விற்பனை மந்தமான ஒரு செவ்வாய்க்கிழமையின் பதற்றத்தில் கடை முழுவதற்கும் விலை குறைத்துவிட்டு, சனிக்கிழமை வந்த கூட்டத்துக்கு எல்லாவற்றையும் மலிவாகக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு முழு வார இறுதியைப் பார்த்த பிறகே எந்த மாற்றத்தையும் செய்யுங்கள். குறைத்த விலையை மீண்டும் ஏற்றவே கூடாது.

பேரம் பேசுகிறவர்களுக்கு எல்லா ஊழியர்களும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். தனிச் சாமானுக்கு விலை இறங்குவதைவிட, இரண்டாவது சாமானையும் சேர்த்து வாங்கினால் மொத்தத்தில் ஒரு தொகை குறைப்பது உங்களுக்கு நல்லது. அதற்கான உச்சவரம்பை ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரக்கு குறையக் குறையக் கடையையும் சுருக்க வேண்டும். பாதி காலியான கூடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் சாமான்கள், நல்லதெல்லாம் போய்விட்டது என்று வருகிறவரிடம் சொல்லிவிடும். பின்பகுதியைத் தடுப்பு வைத்து மூடி, இருப்பதை முன்னால் நெருக்கி, சோபாவுக்கு முன் மேசையும் மேசைமேல் விளக்கும் வைத்து அறை போலவே அமைத்துக் காட்டுங்கள். விளக்கு, கண்ணாடி, தரைவிரிப்பு போன்ற சிறு பொருட்கள் இப்படிப் பெரிய சாமானோடு சேர்ந்து நிற்கும்போதுதான் விற்கும். இந்த வேலையை வாரம் ஒருமுறை, கடை பூட்டிய பிறகு செய்யுங்கள்.

பணமும் டெலிவரியும்

முழுப்பணம் கட்டினால்தான் விற்பனை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். முன்பணம் வாங்கி நிறுத்திவைப்பது முதல் இரண்டு வாரத்தோடு முடியட்டும். விற்ற சாமானில் உடனே 'விற்றது' என்ற சீட்டை வாடிக்கையாளர் பெயரோடு கட்டுங்கள். எத்தனை நாளுக்குள் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை ரசீதிலேயே அச்சிட்டுவிடுங்கள். மூன்று நாள் என்பது பொதுவாக நியாயமானது. டெலிவரிக்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள். அதை இலவசமாகக் கொடுத்தால் தள்ளுபடிக்கு மேல் இன்னொரு தள்ளுபடி கொடுத்ததாகிவிடும். அதோடு, வண்டிக்கு ஒரு நாளில் ஆகும் நடைகளுக்கு ஓர் எல்லை இருப்பதால், விற்றதைக் கொடுத்து முடிக்க முடியாமல் திணறுவீர்கள். ஒப்படைக்கும்போது வாடிக்கையாளர் சாமானைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். திருப்பி எடுப்பதில்லை என்ற விதி சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு ரசீதிலும் கல்லாவிலும் கண்ணில் படும்படி இருக்கட்டும். உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் கடை மூடிய பிறகும் தொடரும் என்றால், அதற்கு யாரை அணுகுவது என்று எழுதிக் கொடுங்கள்.

அட்டைப் பணத்தைக் கையாளும் நிறுவனத்திடம் முன்பே பேசிவிடுங்கள். கடை மூடப்போகிறது என்று தெரியவந்ததும், பின்னால் வரக்கூடிய தகராறுகளுக்காக உங்கள் வசூலில் ஒரு பகுதியை அவர்கள் பிடித்து வைப்பது உண்டு. வீசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி பெரும்பாலான தகராறுகளை 120 நாள் வரை எழுப்பலாம் என்பதால் அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், வாடகை கொடுக்க வைத்திருந்த பணம் திடீரென்று கிடைக்காமல் போகும் நிலை வராது.

ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கலாமா

கடை மூடும் விற்பனையை நடத்திக் கொடுப்பதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. பெரிய சரக்கும் குறைந்த கால அவகாசமும் இருந்தால் அவர்களால் பயன் உண்டு. ஆனால் கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை வாங்குங்கள்: கட்டணம் விற்பனைத் தொகையின் பங்கா அல்லது லாபத்தின் பங்கா, விளம்பரச் செலவு யாருடையது, விலை குறைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும், அன்றாட வசூல் யாருடைய கணக்கில் சேரும். விற்பனைத் தொகையில் பங்கு பெறுகிறவருக்கு உங்கள் அடக்க விலையைப் பற்றிய கவலை இல்லை. வசூல் உங்கள் கணக்குக்கு வராத எந்த ஏற்பாட்டையும் ஏற்காதீர்கள். அவர்கள் தங்கள் சொந்தச் சரக்கைக் கொண்டுவந்து உங்கள் பெயரில் விற்க விரும்பினால், அது சட்டப்படி சரியா என்பதோடு, உங்களை நம்பி வருகிறவர்களுக்கு அது நேர்மையா என்றும் பாருங்கள். கடை சிறியதாக இருந்து கணக்கு உங்கள் கையில் இருந்தால் நீங்களே நடத்துவதுதான் சிறந்தது என்று நான் கருதுகிறேன்.

கடைசிப் பத்து நாள்

இந்தக் கட்டத்தில் 60, 70 சதவீதத் தள்ளுபடிகள் இயல்பானவை. ஒவ்வொன்றாக விற்பதோடு நிற்காமல், மொத்தமாக எடுக்கக்கூடியவர்களுக்குப் பட்டியல் அனுப்புங்கள்: பழைய சாமான் வியாபாரிகள், தங்கும் விடுதி நடத்துபவர்கள், சாமான்களோடு வீடு வாடகைக்கு விடுபவர்கள், மாணவர் விடுதிகள், மற்ற ஃபர்னிச்சர் கடைகள். குறைந்தது மூவரிடம் விலை கேளுங்கள். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே கேட்டால்தான் உங்களிடம் பேரம் பேசும் வலு இருக்கும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். சில நாடுகளில் அதற்கு வரிச்சலுகை உண்டு, எடுத்துச் செல்லும் செலவும் உங்களுக்கு மிச்சமாகும்.

கடையின் மேசைகள், கணினிகள், விளக்குகள், அடுக்குச் சட்டங்கள், தள்ளுவண்டிகள், டெலிவரி வண்டி ஆகியவற்றுக்கு முதல் நாளிலிருந்தே விலைச்சீட்டு போட்டுவிடுங்கள். பணம் இப்போது, சாமான் கடைசி நாளுக்குப் பிறகு என்ற நிபந்தனையோடு விற்றால் வேலையும் தடைபடாது. இப்படிக் கிடைக்கும் தொகை பல உரிமையாளர்களின் கணக்கில் வருவதே இல்லை. ஊழியர்களின் கூடுதல் தொகையை இதிலிருந்தே கொடுத்துவிட முடிகிற கடைகளும் உண்டு.

காவலைத் தளர்த்தக் கூடாத காலமும் இதுதான். பின்கதவு திறந்தே கிடக்கும், யார் எதை எடுத்துப் போகிறார்கள் என்று பார்க்க ஆளிருக்காது. ரசீதைப் பார்க்காமல் எந்தச் சாமானும் வெளியே போகக் கூடாது என்ற விதி கடைசி மணி நேரம் வரை நடைமுறையில் இருக்கட்டும். காப்பீட்டை, சாவி ஒப்படைத்ததற்கான எழுத்துப்பூர்வமான ஒப்புகை கைக்கு வந்த பிறகே நிறுத்துங்கள்.

கதவு மூடிய பிறகு

ஊழியர்களின் சம்பளத்தையும் வாக்களித்த தொகையையும் கடைசி நாளன்றே கொடுத்துவிடுங்கள். விற்பனை வரியை இறுதிக் கணக்கோடு கட்டி, பதிவை முறையாக ரத்து செய்யுங்கள்; ரத்து செய்யாத பதிவின் பேரில் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். வங்கிக் கணக்கை, அட்டைத் தகராறுகளுக்கான காலம் முடியும் வரை மூடாதீர்கள். தொலைபேசி எண்ணைக் குறைந்தது ஆறு மாதம் உயிரோடு வைத்திருந்து, உத்தரவாதத்துக்காக அழைப்பவர்களுக்கு உற்பத்தியாளரின் முகவரியைச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். இருப்புப் பட்டியலையும் தினசரிக் கணக்கையும் ரசீதுகளையும், வரிச்சட்டம் குறிப்பிடும் ஆண்டுகள் முடியும் வரை ஒரே பெட்டியில் கட்டி வீட்டிலேயே பத்திரப்படுத்துங்கள்.